முள் காட்டாத நாற்பது டிகிரி

வீட்டுக் கொட்டகையில் தானே விமானம் கட்டிப் பறக்கிற ஆண்களுக்கு ஒரு குணம் உண்டு. கோடையில் எஞ்சின் எண்ணெய் சூடேறுகிறது என்று மூக்கால் அழுவார்கள். எப்படியோ சூட்டை இறக்கிவிட்டால் சாகிற வரைக்கும் அதைத் தம்பட்டம் அடிப்பார்கள். அழவும் அழாமல், தம்பட்டமும் அடிக்காமல் ஒருத்தன் இருந்தால் அவன் எதையோ மறைக்கிறான். இதைக் கண்டுபிடிக்க ஆர்லிஸுக்கு டெல்மர் கோவாரிக்கோடு நடத்திய முப்பது வருடக் குடித்தனம் உதவவில்லை. ஒரு பான்கேக் விருந்துதான் உதவியது.

விமானம் கட்டுகிறவர்கள் சங்கத்தின் ஆகஸ்ட் மாத விருந்து அது. காலை ஒன்பது மணிக்கே நெப்ராஸ்கா வெயில் மண்டையைப் பிளந்தது. ஓடுதளத்தை ஒட்டிய சோளக்காட்டில் ஓர் இலைகூட அசையவில்லை. மைலோ குச்சேரா பெரிய இரும்புக் கல்லில் பான்கேக் புரட்டிக்கொண்டே தன் சோகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நேத்து ஏறும்போது எண்ணெய் இருநூத்தி முப்பத்தஞ்சு பாரன்ஹீட்! சிவப்புக் கோடே இருநூத்தி நாப்பத்தஞ்சுதான். இன்னும் கொஞ்சம் போயிருந்தா இந்த மாவை எஞ்சின் மேலயே ஊத்தியிருப்பேன். ஆயில் கூலரை மாத்திட்டேன், காத்துக் குழாயை மாத்திட்டேன். இனிமே மாத்தறதுக்குப் பொண்டாட்டி மட்டுந்தான் பாக்கி."

"அவளும் சூடாத்தான் இருப்பா" என்று வரிசையிலிருந்து யாரோ சொன்னார்கள். சிரிப்பு அடங்கியதும் மைலோ கரண்டியை நீட்டினான்.

"டேய் டெல்மர், உன்னோடது என்ன காட்டுது?"

"நூத்தி எண்பது" என்றான் டெல்மர்.

"ஏறும்போதா? இந்த வெயில்லயா? என்னடா பண்ணித் தொலைச்ச, எங்களுக்கும் சொல்லேன்."

"பெரிசா ஒண்ணுமில்ல. ஓட்டையெல்லாம் அடைச்சேன், அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு அவன் சாசேஜ் இருந்த பக்கம் போய்விட்டான். அவன் தட்டில் ஏற்கெனவே மூன்று சாசேஜ் கிடந்தது.

ஆர்லிஸுக்கு வாயில் வைத்த பான்கேக் இறங்கவில்லை. ஒரு ரிவெட் ஆணி கோணலில்லாமல் அமைந்துவிட்டால்கூட அதை வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டுகிற மனிதன் இவன். ஊரே தோற்ற விஷயத்தில் ஜெயித்துவிட்டு, பாதி வாக்கியத்தோடு நழுவுகிறான் என்றால்?

போன கோடையை நினைத்துப் பார்த்தாள். முதன்முறை அவனருகே உட்கார்ந்து பறந்தபோது எண்ணெய்ச் சூட்டைக் காட்டும் முள் இருநூற்று முப்பத்தெட்டில் நின்றது. அவள் கத்திய கத்தலில் அவன் உடனே இறக்கினான். "அந்த முள்ளு இருநூறுக்குக் கீழ வர்ற வரைக்கும் நான் இதுல கால் வைக்க மாட்டேன்" என்று சபதம் போட்டாள். இருநூற்று இருபது வரை எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது என்று அவன் தலைகீழாக நின்று சொல்லிப் பார்த்தான். அவள் மசியவில்லை. பிறகு அவன் இரண்டு வாரம் எஞ்சின் மூடியைத் திறந்து போட்டு, காற்று ஒழுகும் இடுக்குகளையெல்லாம் சிவப்புப் பசையால் அடைத்தான். முள் நூற்றி எண்பதுக்கு வந்தது. அன்றைக்கு அவனைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தவள் அவள்தான். வருடம் முழுக்க அவனோடு பறந்தவளும் அவள்தான்.

இப்போது கொலராடோவில் அவர்கள் மகள் கொரீனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. வரும் சனிக்கிழமை பேத்தியைப் பார்க்க இந்த விமானத்தில்தான் போவதாக ஏற்பாடு. அங்கே மலையோரம் எஞ்சின் நின்றுபோனால் இறங்குவதற்கு இங்கே மாதிரி சோயாக் காடு விரிந்து கிடக்காது.

காரில் திரும்பும்போது கேட்டாள். "ஓட்டையை அடைச்சதுக்கே ஐம்பது அறுபது டிகிரி குறையுமா?"

"குறைஞ்சிருச்சே."

"மைலோவும்தான் அடைச்சான்."

"அவன் வேலை அப்படி" என்றான். கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கவில்லை. மைலோவின் வேலையை அவன் அதுவரை ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

வியாழக்கிழமை டெல்மர் பல் வைத்தியரிடம் போயிருந்தான். ஆர்லிஸ் ஜாம் காய்ச்சும்போது வைக்கிற வெப்பமானியைப் பையில் போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். அந்த விமானம் அவளுக்கு அந்நியமல்ல. டெல்மரின் விரல்கள் தடி தடியாக இருப்பதால் மீட்டர் பலகைக்குப் பின்னால் ஓடும் ஒயர்களையெல்லாம் இணைத்தது அவள்தான். ஒவ்வோர் இணைப்பையும் நீல நூலால் கட்டியிருந்தாள்.

எண்ணெய்ச் சூட்டை அளக்கும் சென்சாரை எஞ்சினிலிருந்து கழற்றி, அதன் ஒயரோடு கொதிக்கும் கெட்டிலில் விட்டாள். பக்கத்திலேயே ஜாம் வெப்பமானி. அது இருநூற்றெட்டு என்றது, அந்த மேட்டு ஊரில் தண்ணீர் கொதிக்கும் சூடு. விமானத்துக்குள் போய் மின்சாரத்தைப் போட்டு முள்ளைப் பார்த்தாள். நூற்று அறுபத்தெட்டு.

கொதிக்கிற தண்ணீரையே ஆறிய காப்பி என்று சொல்கிற முள்!

கால் வைக்கும் இடத்தில் தலையைக் கொடுத்து மல்லாந்து படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஒயர்களைத் தடவிப் பார்த்தாள். நீல நூல், நீல நூல், நீல நூல். நடுவில் ஒன்று, கறுப்பு உறை போட்ட மொத்தையான இணைப்பு. தடி விரல்காரன் வேலை. உறையைக் கீறினாள். உள்ளே அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய மின்தடை ஒன்று ஒயருக்கு நடுவே உட்கார்ந்திருந்தது. சூட்டை நாற்பது டிகிரி குறைத்துக் காட்டும் வேலை அதனுடையது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனைப் பார்த்திருக்கிறோம். இவன் அரிசியை ஒயரில் மறைத்திருக்கிறான்.

தரையில் உட்கார்ந்து அவள் அழுதாள். பயத்தில் அல்ல, ஆத்திரத்தில். கணக்கு அவளுக்கும் தெரியும். நூற்றி எண்பதோடு நாற்பதைக் கூட்டினால் இருநூற்று இருபது. எஞ்சினுக்கு ஆபத்தில்லை. இவன் மனசுக்குள் கூட்டிக்கொண்டே பறந்திருக்கிறான். ஆனால் ஒருநாள் உண்மையிலேயே சூடு ஏறினால்? நூற்றி எண்பதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வாய் மூடி உட்கார்ந்திருப்பானா, இல்லை, பொய் போனாலும் போகட்டும் என்று வாயைத் திறப்பானா? பேத்தியைப் பார்க்கப் போகும் முன் அவளுக்கு அது தெரிந்தாக வேண்டும். கேட்டால் சத்தியம் செய்வான். இத்தனை நாள் பொய் சொன்னவன் சத்தியத்தை என்ன செய்வது?

மின்தடையை வெட்டி எடுத்தாள். ஒயரை நேராக இணைத்தாள். சென்சாரைத் திரும்ப மாட்டி இறுக்கினாள். டெல்மரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் அவளே கூப்பிட்டாள். "நாளைக்குப் பெட்டியோட ஏறணுமே, ஒரு தடவை பாரத்தை வச்சுச் சுத்திப் பாத்துடலாமா?"

"இந்த உச்சி வெயில்லயா?"

"உன் எஞ்சினுக்குத்தான் வெயிலே உறைக்காதே."

அவன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு சாவியை எடுத்தான்.

தரையை விட்டு எழும்பும்போது டெல்மர் வழக்கம்போல் ஏதோ முனகிப் பாடிக்கொண்டிருந்தான். முள் நூற்றி எண்பதைத் தொட்டது, தாண்டியது. இருநூறைத் தாண்டியபோது பாட்டு நின்றது.

மீட்டர் கண்ணாடியை விரலால் தட்டினான். முள் இருநூற்றுப் பத்துக்குப் போனது.

"என்ன?" என்றாள் ஆர்லிஸ்.

"ஒண்ணுமில்ல."

அந்த 'ஒண்ணுமில்ல'வுக்கு அவனைக் கீழே தள்ளிவிடலாம் போல இருந்தது அவளுக்கு. அவன் விமானத்தின் மூக்கை இறக்கினான், எஞ்சினைக் குறைத்தான். நெற்றியில் வேர்வை பொடித்தது. முள் இருநூற்றுப் பதினைந்தில் நின்றது. அது முழு உண்மை. பயப்பட ஒன்றுமில்லாத உண்மை. ஆனால் அவன் தலைக்குள் நாற்பது கூடிக்கொண்டிருந்தது என்று அவளுக்குத் தெரியும். சிவப்புக் கோட்டையும் தாண்டி எண்ணெய் கருகிக்கொண்டிருக்கிறது என்று அவன் நம்பினான். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தான்.

"காத்து ஒரு மாதிரி இருக்கு. திரும்பிடலாம்" என்றான்.

"காத்து நல்லாத்தானே இருக்கு?"

"இல்ல, மேல கொஞ்சம் முரடா இருக்கும்."

இன்னொரு பொய். ஆர்லிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இனிமேல் இவனோடு எங்கேயும் வரப்போவதில்லை, பேத்தியைப் பார்க்கக் காரில் தனியாகப் போகலாம், எட்டு மணி நேரம்தானே என்று நினைத்தாள். அவன் தலை இடமும் வலமும் திரும்புவதை ஓரக்கண்ணால் கவனித்தாள். இறங்குவதற்கு வயல் தேடுகிறான்.

"ஆர்லிஸ்."

"சொல்லு."

"பெல்ட்டை நல்லா இறுக்கிக்கோ." அவன் குரல் உடைந்திருந்தது. "அந்த முள்ளை நம்பாத. அது பொய். எண்ணெய் இருநூத்தி ஐம்பதுக்கு மேல போயிடுச்சு. நான்தான் ஒயர்ல ஒரு வேலை பண்ணி வச்சேன், போன வருஷம். உன்னை எப்படியாவது கூட்டிட்டுப் போகணும்னுதான்... தனியாப் பறக்கறதுக்கா நாம இதைக் கட்டினோம்? எஞ்சின் நின்னா அந்தச் சோயாக் காட்டுல இறக்கிடுவேன். உனக்கு ஒண்ணும் ஆகாது. என்னை அப்புறமாத் திட்டு."

சொல்லிவிட்டான். கடைசியில் சொல்லிவிட்டான்! ஆர்லிஸுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

"இருநூத்திப் பதினஞ்சுதான்" என்றாள். "எதையும் கூட்ட வேண்டாம். நீ வச்சதை நான் எடுத்துட்டேன்."

அவன் முள்ளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி முள்ளைப் பார்த்தான். பிறகு ஓடுதளத்தின் பக்கம் திருப்பினான். இறங்கும்போது சக்கரம் தரையில் பட்டதே தெரியவில்லை. அவ்வளவு நன்றாக இறக்கினான்.

கொட்டகை முன்னால் எஞ்சின் நின்றது. ஆர்லிஸ் தான் சொல்ல வேண்டியதை வரிசையாக மனசில் அடுக்கி வைத்திருந்தாள். அவன் வாய் திறந்து பொய்யை விட்டுக்கொடுத்ததற்காகக் கடைசியில் மன்னிப்பதாகவும் இருந்தாள். ஆனால் டெல்மர் முந்திக்கொண்டான்.

"எப்ப எடுத்த?"

"நேத்து. நீ பல்லுக்குப் போயிருந்தப்ப."

"இப்ப ஏறும்போது உனக்குத் தெரியும். நான் சாவைப் பாத்துட்டு உக்காந்திருந்தப்பவும் தெரியும்."

"தெரியும். நீ சொல்றியா இல்லையான்னு பாத்தேன்."

அவன் மெல்ல இறங்கினான். விமானத்தின் மூக்குப் பக்கம் போய் நின்று, எஞ்சின் மூடியில் கையை வைத்துப் பார்த்தான்.

"மூடியைத் திறந்தியா?"

"சென்சாரைக் கழட்டினேன். திரும்ப இறுக்கிட்டேன்."

"வேற எதைத் தொட்ட?"

"வேற எதையும் தொடல."

"சத்தியமா?"

"சத்தியமா, டெல்மர்."

அவன் தலையாட்டினான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்து மூடியின் முதல் திருகைக் கழற்றினான். ஆர்லிஸ் அவன் பின்னால் வந்து நின்றாள். வெயில் அவள் கழுத்தைச் சுட்டது.

"ஒரே ஒரு ஒயரு, ஒரே ஒரு சென்சார். அதான் சொல்றேன்ல? என்னை நம்ப மாட்டியா?"

"நம்பறேன்" என்றான் டெல்மர். அடுத்த திருகைக் கழற்றினான்.