மடி இல்லாத மான்

தொண்ணூற்றாறாம் ஆண்டுக் குளிர்காலத்தில், பெட்டை மான் ஒன்று சுடலாம் என்று வேட்டைக் கழகம் எனக்கு அனுமதி கொடுத்து, காலில் கட்ட ஒரு அட்டையும் தந்தது. செயலாளர் கொலின் வந்து பார்க்கும்வரை அட்டையோடு பால்மடியும் உடலிலேயே இருக்க வேண்டும். சுட்டது பெட்டைதான் என்பதற்கு அந்த மடிதான் சாட்சி.

பிளாக்ஹவுஸ் பேயில் எங்கள் கராஜில் சுட்ட மானைத் தொங்கவிட்டு எல்லர்ஸ்லிக்கு வேலைக்குப் போனேன். திரும்பி வந்தால், மச்சான் வின்சென்ற் ஊர் முறைப்படி பங்கு போட்டு முடித்திருந்தான். தொடை, விலா, ஈரல் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம். ஒவ்வொரு பையிலும் பங்குக்காரர் ஒருவரின் பெயர்.

“மடி எங்கையடா?”

“அந்த ஊத்தையை ஆர் தின்னுறது? எறிஞ்சிட்டன். குப்பை லொறியும் வந்திட்டுப் போயிட்டுது.”

“உன்னை ஆரடா கத்தியைத் தொடச் சொன்னது?”

நான் கத்திக்கொண்டிருக்கும்போதே கொலின் வந்துவிட்டான். மடி இல்லாததால் இறைச்சி முழுவதும் பறிமுதல், கழக விருந்துக்கு என்றான்.

“கண்டறியாத சட்டம்!” என்றான் வின்சென்ற்.

சட்டம் கிடக்கட்டும். எங்கள் மேசையில் எத்தனை தரம் சாப்பிட்டவன் கொலின்! பெட்டைதான் என்று நான் சத்தியம் பண்ணியும் நம்பவில்லையே!

பைகளை ஒவ்வொன்றாகத் தன் வாகனத்தில் ஏற்றினான். கடைசிப் பையில், வின்சென்றின் கோணல் எழுத்தில், ‘கொலின்’ என்று இருந்தது. அதை நின்று வாசித்தான். என்னை நிமிர்ந்து பார்த்தான்.

பிறகு அதையும் தூக்கி ஏற்றினான்.