வகிட்டில் ஒரு வெள்ளைக் கோடு

1

டமார் என்று கண்ணாடிக் கதவு சுவரில் மோதிய சத்தத்தில், பார்லர்க்காரி கத்தரியின் கையிலிருந்த ஸ்டீல் கிண்ணம் கீழே விழுந்து உருண்டு—

இல்லை. தலைச் சாயத்தை ஸ்டீல் கிண்ணத்தில் கலக்க மாட்டார்கள். உலோகம் பட்டால் சாயம் கெட்டுவிடும். பிளாஸ்டிக் கிண்ணம்தான். அது விழுந்தால் கதைக்குத் தேவையான சத்தம் வராது. ஆகவே கிண்ணம் விழவில்லை. கதவு மட்டும் மோதியது.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது அங்கேதான். வாரப் பத்திரிகை ஆசிரியர் போனில் கூப்பிட்டு, "கூந்தல் சிறப்பிதழ் போடுறோம். சாயம், அலங்காரம், தினசரிப் பராமரிப்பு எல்லாம் உள்ளே வர்ற மாதிரி ஒரு கதை கொடுங்க. ஜாலியா இருக்கட்டும்" என்றார். தகவல் சேகரித்த மாதிரியும் ஆச்சு, என் நரையை மறைத்த மாதிரியும் ஆச்சு என்று சந்து முனை பார்லருக்குப் போய் உட்கார்ந்தேன். தலையில் பாதிக்குச் சாயம் ஏறியிருந்தபோது தையலக்கா உள்ளே வந்தார். ஜாலி அதோடு போயிற்று.

தலையில் சாயத்தோடு இருப்பவள் எழுந்து வெளியே போக முடியாது. காதைப் பொத்திக்கொள்ளவும் முடியாது, காதோரமெல்லாம் சாயம். அதனால் எல்லாவற்றையும் கேட்டேன்.

(குறிப்பு: சாயம் வைக்கும் முன் நெற்றி ஓரத்திலும் காதோரத்திலும் வாசலைன் தடவிக்கொள்ளுங்கள். தோலில் கறை ஒட்டாது. ஆசிரியர் கேட்ட குறிப்புகளை இப்படி அங்கங்கே அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுகிறேன். கதை பிடிக்காதவர்கள் இவற்றை மட்டும் வெட்டி வைத்துக்கொள்ளலாம்.)

2

கத்தரி என்பது பார்லர்க்காரியின் பட்டப்பெயர். கையைப் பார்த்து வைத்ததா, வாயைப் பார்த்து வைத்ததா என்று சந்தில் இன்னும் முடிவாகவில்லை. தையலக்கா நான்கு கடை தள்ளி துணி தைப்பவர். கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை.

[முதலில் இப்படி எழுதியிருந்தேன்: "அறுபதைத் தாண்டியும் கருகருவென்று அலையடிக்கும் அந்தக் கூந்தல்—" அடித்துவிட்டேன். அன்று கூந்தலே தெரியவில்லை. தலையில் துப்பட்டாவை இறுகச் சுற்றியிருந்தார். இமைகள் இரண்டும் பன் மாதிரி உப்பி, கண் இருந்த இடத்தில் ஒரு கீறல்தான் இருந்தது.]

"ஐயோ, அக்கா! என்னக்கா இது மூஞ்சி?"

"குளவி கொட்டிடுச்சு."

"ரெண்டு கண்ணுலயும் அளவெடுத்துக் கொட்டுச்சா? துணியை எடு."

"வேண்டாம்."

"எடுங்கறேன்ல."

துப்பட்டாவைக் கத்தரியே உருவினாள். நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வகிடு நெடுகக் கொப்புளம். சில உடைந்து மஞ்சளாகக் கசிந்து முடியோடு ஒட்டிக் காய்ந்திருந்தன. நடுவே, வேரோரம், ஒரு வெள்ளைக் கோடு.

"இது நான் அடிச்சதில்லையே."

"முந்தாநாள் நானே பாக்கெட் வாங்கி வச்சேன். எரிச்சல் தாங்கலை, பாதியில கழுவிட்டேன். வெள்ளை அப்படியே நின்னுடுச்சு. நீ அடிச்சா சரியா வரும்."

"போன மாசம் நான் அடிச்சப்பவும் அரிச்சுதா?"

"லேசா."

"லேசான்னா?"

"ராத்திரி பூரா ஐஸ் வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

"ஏன்க்கா என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா நீ அடிக்க மாட்டே."

(குறிப்பு: வருடக்கணக்காக ஒத்துக்கொண்ட சாயம் ஒருநாள் திடீரென ஒத்துக்கொள்ளாமல் போகும். ஒவ்வொரு முறையும் காதுக்குப் பின்னால் ஒரு துளி வைத்து இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். அரித்தால் அந்தச் சாயத்தை ஜென்மத்துக்கும் தொடாதீர்கள். இந்தப் பக்கத்திலேயே முக்கியமான குறிப்பு இதுதான். ஜாலியாக எழுத வரவில்லை.)

3

இந்த இடத்தில் வாசகர்கள் கேட்பீர்கள்: அறுபது வயதில் அப்படி என்ன அழகு வேண்டிக் கிடக்கிறது?

கத்தரியும் அதைத்தான் கேட்டாள், இன்னும் மோசமான வார்த்தையில். தையலக்கா சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் துப்பட்டாவை நான்காக மடித்துக்கொண்டே பதில் சொன்னார்.

அவருடைய கணவர் எலக்ட்ரீஷியன். இப்போது நினைவு தவறிப்போய்ப் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். யார் ஊட்டினாலும் துப்பிவிடுவார். தையலக்கா ஊட்டினால் மட்டும் வாயைத் திறப்பார். அதனால் தினமும் கடையை ஒருமுறை பாதியில் மூடிவிட்டு ஓடுவார்.

"நடுவுல எனக்குக் காய்ச்சல். போக முடியலை. அவருக்குக் குளுக்கோஸ் ஏத்துற மாதிரி ஆயிடுச்சு. எழுந்து போனேன். சாயம் அடிக்காம, முன்னந்தலை பூரா வெள்ளையா. என்னைப் பார்த்துட்டு எழுந்து நின்னு கும்பிடுறார். ‘வாங்க அத்தை, உங்க பொண்ணு வரலையா?'ங்கிறார்."

கத்தரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். தையலக்காவும் உப்பிய கண்ணோடு சிரித்தார்.

"எங்கம்மா போயே பல வருஷம் ஆச்சு. அப்படியே அவங்க ஜாடையாம் எனக்கு. மாமியார் கையால சாப்பிடக் கூச்சம்போல, வாயையே திறக்கலை. ஓடி வந்து உன்கிட்ட அடிச்சுக்கிட்டுப் போனேன். கடகடன்னு சாப்பிட்டார்."

"இப்ப?"

"நேத்து என் வகிட்டையே பார்த்துக்கிட்டு இருந்தார். ரெண்டு வாய்க்கு மேல வாங்கலை."

[இந்த எலக்ட்ரீஷியனை எனக்கு எழுத வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் அவரைப் பார்த்ததே இல்லை. ஒரு வரைவில் முரடராக வைத்தேன், பெண்டாட்டி நரைத்தால் பிடிக்காதவராக. கதை சுலபமாக நகர்ந்தது. ஆனால் பொய். இன்னொரு வரைவில் மகானாக்கினேன். அதுவும் சரிப்படவில்லை. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்: அறையிலுள்ள சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டு அணைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். லைன் சரியாக இருக்கிறதா என்று.]

4

"முடியாதுக்கா. அவ்வளவுதான்."

"வகிட்டுல மட்டும். ஒரு கோடு."

"அந்தக் கோட்டுலதான் கொப்புளமே இருக்கு. தொண்டை வீங்கி மூச்சு நின்னா யார் பதில் சொல்றது?"

"அவர் சாப்பிடலைன்னா யார் பதில் சொல்றது?"



(வாசகிகள் எழுதப்போகும் கடிதங்களுக்கு இப்போதே பதில். விக்? "பச்சைப் புண் மேல விக்கா? கழட்டும்போது தோலோட வரும்," என்றாள் கத்தரி. கறுப்பு மருதாணி? கடையில் அந்தப் பெயரில் விற்கும் பலவற்றில் சாயப் பாக்கெட்டில் இருக்கும் அதே ரசாயனம்தான் கலந்திருக்கிறது, ஏமாறாதீர்கள். அசல் மருதாணி சிவப்பாகத்தான் பிடிக்கும். அதன் மேல் அவுரிப் பொடி வைத்தால் கறுக்கும், ஆனால் புண் ஆறிய பிறகு. எப்போது ஆறும்? வாரக்கணக்காகும். அதுவரை அவர் பட்டினியா? இந்தக் கேள்விக்கு எந்த அழகுக் குறிப்பிலும் பதில் கிடைக்கவில்லை.)

கத்தரி டாக்டருக்குப் போன் போடத் திரும்பினாள். என் தலைக்குக் கலந்த சாயம் பாதி மீந்து, என் பக்கத்து ஸ்டாண்டில் இருந்தது. தையலக்கா அதை எடுத்துக் கண்ணாடியடித் தட்டில் வைத்துக்கொண்டார். கண்ணாடிக்கு மிக அருகில் போய், விரலால் ஒரு இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பிரஷைத் தோய்த்து—

இந்த இடத்தில் நான் எழுந்து தடுத்ததாக எழுத ஆசை. நான் "ஏய்" என்றுகூடச் சொல்லவில்லை. கத்தரிதான் பாய்ந்து வந்து பிடுங்கினாள். அதற்குள் ஒரு இழுப்பு இழுத்துவிட்டிருந்தார். உடைந்த கொப்புளத்தின் மேல் கறுப்பாக ஒரு கோடு. அவர் கத்தவில்லை. பல்லைக் கடித்தபடி, "விடு, ஊறட்டும்," என்றார்.

5

தலையைக் குழாயடியில் பிடித்துக் கழுவி, ஆட்டோவில் ஏற்றி, கத்தரி அவரைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனாள். போகும்போது என்னிடம், "கதைக்காரம்மா, மணியைப் பார்த்து நீங்களே கழுவிக்குங்க," என்று கத்திவிட்டுப் போனாள். நான் ஒரு பக்கம் கறுப்பும் ஒரு பக்கம் நரையுமாக வீடு வந்து சேர்ந்தேன். இந்தக் கதையின் முதல் மூன்று பகுதிகளையும் அந்தத் தலையோடுதான் எழுதினேன்.

ஊசி போட்டு வீக்கத்தை அடக்கினார்கள். மருந்து தடவத் தலையில் இடம் வேண்டும், முடியை ஒட்ட வெட்டிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். மறுநாள் கத்தரி கடையைச் சாத்திவிட்டு, திரையை இழுத்துவிட்டு வெட்டினாள். சாயமேறிய கறுப்பெல்லாம் கொத்துக் கொத்தாகத் தரையில் விழுந்தது. தலையில் மிஞ்சியது வேரோரத்து வெள்ளை மட்டும், சிமென்ட் தூவிய மாதிரி.

"கண்ணாடியைத் திருப்பிடவாக்கா?"

"இருக்கட்டும். இது யாருன்னு நானும் தெரிஞ்சுக்கணுமில்ல."

(குறிப்பு: முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்பவர்கள் நெற்றியின் அகலத்தையும்... இந்தக் குறிப்பை முடிக்க முடியவில்லை. மன்னியுங்கள்.)

6

முடிவுகள்.

ஆசிரியருக்கு இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டினேன். "சிறப்பிதழுக்கு இவ்வளவு புண் வேண்டாமே," என்றார். பிறகு அவரே ஒரு முடிவு சொன்னார். தையலக்காவை ரேடியோவில் பேசியவராக மாற்றிவிடுங்கள், எலக்ட்ரீஷியன் குரலை வைத்து அடையாளம் கண்டுகொள்ளட்டும். இன்னொன்றும் சொன்னார்: ஒரு மூலிகை எண்ணெய்க் கம்பெனி விளம்பரம் தருகிறது, அந்த எண்ணெயில் முடி மறுபடி கறுத்துவிடட்டும்.

நானும் ஒன்று எழுதினேன். எலக்ட்ரீஷியன் அந்த வெள்ளைத் தலையைத் தடவி, "நீ எப்படி இருந்தாலும் அழகுதான்," என்கிறார். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனால்தான் அதன் மேல் சந்தேகம் வந்தது. கிழித்துவிட்டேன்.

அவர் பட்டினி கிடந்து சாகும் முடிவும் கைவசம் இருக்கிறது. அது இன்னும் நடக்கவில்லை. நடக்காததை எழுதி அக்காவுக்குக் கெட்டது தேடித்தர எனக்கு மனசில்லை.

7

நடந்தது இவ்வளவுதான். முடி வெட்டிய அன்றைக்கே இருவரும் இல்லத்துக்குப் போயிருக்கிறார்கள். கத்தரி அறை வாசலிலேயே நின்றுகொண்டாள். அங்கே நடந்ததை, என் தலையின் மீதிப் பாதியைச் சரிசெய்த அன்று என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அவள் கை என் தலையிலேயே நின்றுவிட்டது.

(சாயம் வைத்த தலையை வெந்நீரில் அலசாதீர்கள். வெதுவெதுப்பே போதும். இதுதான் கடைசிக் குறிப்பு.)

தையலக்கா அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கத்தரிக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. புண் ஆறும் வரை இப்படியே போய் உட்கார்ந்துவிட்டு வருவதா? உயிர் போனாலும் போகட்டும் என்று மறுபடி ஒரு பாக்கெட் வாங்குவதா? முடிவை உங்களிடமே விட்டுவிடுகிறேன். ஆனால் முடிவெடுக்கும் முன், அந்த அறையில் பேசியதைக் கேட்டுவிடுங்கள்.

அவர் சுவிட்ச் பக்கம் நின்றிருந்தார். தையலக்கா தட்டோடு உள்ளே போனதும் திரும்பிப் பார்த்தார்.

"வாங்கம்மா. புதுசா வேலைக்குச் சேர்ந்திருக்கீங்களா?"

தையலக்கா தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்தார். பிறகு, "ஆமாங்க," என்றார். "சாப்பிடுறீங்களா?"

"வாசனை நல்லாத்தான் இருக்கு. பசியும் இருக்கு."

"அப்ப ஒரு வாய் வாங்கிக்குங்க."

அவர் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இல்லம்மா, தட்டை அப்படி வச்சுட்டுப் போங்க. தலைக்கு மை அடிச்சுக்கிட்டு ஒரு பொம்பளை தினமும் வருது, என் சம்சாரம்னு சொல்லிக்கிட்டு. யாரு பெத்த பொண்ணோ, நான் சாப்பிடலைன்னா அழுதுடுது. அதுக்காகத்தான் பசியை வச்சிருக்கேன்."