தொண்ணூற்றுக்குக் கீழே

"கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு" என்று தம்பி வாசலில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தபோது, அக்கா சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து இதை அவன் சொல்வது ஆறாவது தடவை. ஒவ்வொரு தடவையும் அவளுடைய பெருமை ஒரு சாண் வளர்ந்தது. இப்போது வந்தவரிடம், அக்கா கடைசிவரை அப்பாவின் கையை விடவே இல்லை என்றான். அந்த டம்ளருக்குள் ஒளிந்துகொள்ள முடிந்தால் ஒளிந்துகொண்டிருப்பாள்.

கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர். மகளுக்கு என்ன வேலை என்று யார் கேட்டாலும், "நான் ஒரு வண்டிதான் ஓட்டினேன். அவ ஒரே நாற்காலியில உக்காந்துக்கிட்டு ஒரு ரூம் நிறைய மிஷினை ஓட்டுறா" என்பார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆய்வுக்கூடத்தில் உலை, பம்பு, கேமரா, தராசு எல்லாம் ஒரே மென்பொருளின் பிடியில் இருந்தன. அதுவே கருவிகளை இயக்கும், அளவுகளை வாங்கும், கோடு போட்டு முடிவையும் சொல்லும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கோடு திடீரென்று பள்ளத்தில் விழுந்தால், சென்சார் நழுவிவிட்டது என்று அந்தப் புள்ளிகளைத் தூக்கி எறிந்துவிடும். அந்த விதியை எழுதிச் சேர்த்தவள் அவள்தான்.

இன்று காலை ஆஸ்பத்திரியில், "ரெண்டு நாளா தூங்கலை. வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வாடா" என்று தம்பியை விரட்டியதும் அவள்தான். அவன் அப்பாவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "லேசா ஏதாச்சும்னாலும் கூப்பிடுக்கா. நான் இல்லாதப்போ போயிடக் கூடாது" என்றான்.

"கூப்பிடாம இருப்பேனா? போ."

அவன் போனதும் லேப்டாப்பை மடியில் விரித்தாள். மூன்று நாளாக ஓடும் சோதனை அன்று முடிய வேண்டும்; உலையை அங்கிருந்தே இயக்கலாம். அப்பாவின் விரலில் மாட்டியிருந்த, ஆக்சிஜன் அளக்கும் கிளிப் ஏற்கெனவே இரண்டு முறை கழன்றிருந்தது. மூன்றாம் முறை கட்டிலருகே இருந்த மானிட்டர் பெட்டி கத்தியபோது தொண்ணூற்றிரண்டு எழுபதாக இறங்கியிருந்தது. எண்ணைப் பார்த்தாளே தவிர அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. சத்தத்தை நிறுத்திவிட்டுக் கிளிப்பை நகர்த்தி மாட்டினாள். "கையை ஆட்டாதீங்கப்பா" என்று கடிந்துகொள்ளவும் செய்தாள். எண் ஏறுகிறதா என்று பார்க்க நிற்காமல் உலையின் சூட்டைக் குறைக்கத் திரும்பிவிட்டாள். நர்ஸ் உள்ளே வந்து பதறியபோதுதான் நிமிர்ந்தாள். அதற்கப்புறம்தான் தம்பிக்குப் போன் போட்டாள்; அவன் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

எப்படியும் இன்றைக்குத் தாங்காது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அதைச் சாக்காக நினைத்துக்கொண்டதிலேயே அவளுக்கு உடம்பு கூசியது.

தம்பி ஒரு தட்டு நிறையக் காலி டம்ளர்களோடு உள்ளே வந்தான். "நீ வந்து உக்காருக்கா, இதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். சித்தி உன்னைத்தான் கேக்குறாங்க. பக்கத்துலயே இருந்து அனுப்பி வைக்கிற கொடுப்பினை உனக்குத்தான்னு..."

"சட்டுன்னு போகலைடா."

அவன் புரியாமல் பார்த்தான்.

"நம்பர் இறங்கிச்சு. கிளிப்தான் கழண்டுடுச்சுன்னு நினைச்சேன். சத்தத்தை நிறுத்திட்டு என் வேலையைப் பாத்தேன். அப்பா முகத்தைக்கூடப் பாக்கலை. உன்னையும் அப்பவே கூப்பிடலை."

அவன் தட்டை மேடைமேல் வைத்தான். "எவ்வளவு நேரம்?"

தோராயமாகச் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. "பதினோரு நிமிஷம்."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதை மூடினான்.

"நான் வீட்டுக்கே போகலைக்கா" என்றான். குரல் உயரவில்லை. "நீ திட்டுவேன்னுதான் கிளம்புற மாதிரி கிளம்பினேன். கீழ, லிஃப்ட் பக்கத்து பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன். கடைசியில நீ கூப்பிட்டதும் எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்தேன்னு நினைச்சே? போனைக் கையிலயேதான் வச்சிருந்தேன்."

இதற்கு முன்னால் எந்த மனிதரின் எதிரிலும் இப்படிக் குறுகி நின்றதில்லை அவள்.

கூடத்திலிருந்து யாரோ தண்ணீர் கேட்டார்கள். அவள் கழுவி வைத்திருந்த டம்ளர்களைத் தம்பி ஒவ்வொன்றாக எடுத்துத் துண்டால் துடைத்து இன்னொரு தட்டில் அடுக்கினான். அவள் ஒன்றை எடுத்து அவனிடம் நீட்டினாள். அவன் கை அதைத் தாண்டிப் போய், மேடையிலிருந்த அடுத்ததை எடுத்தது.