பின்படிப் பலகை

நாலு பஸ்ஸையும் ஐந்தேகாலுக்குள் கழுவி முடித்தாக வேண்டும். விடிகாலை நாலு மணிக்கு மோட்டாரைப் போட்டால் தொட்டி நிரம்பக் கால் மணி நேரம். அதற்குள் சுடலையம்மாள் நாலு வண்டியையும் உள்ளே பெருக்கிவிடுவாள். பிறகு ரப்பர் டியூபைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு ஒவ்வொரு வண்டியாக வருவாள். மட்கார்டுக்கு அடியில் அப்பிக் கிடக்கும் சேறு வெறும் தண்ணீருக்கு விடாது. குனிந்து, கையை உள்ளே விட்டுச் சுரண்ட வேண்டும். மார்கழி மாதத்தில் அய்யனார் கோவில் மலையிலிருந்து இறங்கும் காற்று ஈரச் சேலைக்குள் புகுந்து எலும்பைத் தொடும். சோப்பு ஆயில் பட்டுப் பட்டு அவள் விரலிடுக்குகளில் ஆறாத வெள்ளைப் புண்.

ஐந்தேகாலுக்கு டிரைவர்கள் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, இரண்டு செட்டியார்பட்டிக்கு, ஒன்று மில்களைச் சுற்றி. அதன் பிறகு ஷெட்டில் எண்ணெய்க் கறையும் அவளும்தான். ஷெட்டுக்குப் பின்னால் கூரைத் தகடு போட்ட ஒரு ரூம். புருஷன் லாரிக்குக் கிளீனராகப் போனவன், பதிமூன்று வருஷம் முன்பு போன இடத்திலேயே இருந்துகொண்டான். பிள்ளை இல்லை. பதினோரு வருஷமாக அந்த நாலு பஸ்களைக் கழுவுகிறாள். அவற்றில் ஏறி உட்கார்ந்து போக அவளுக்கு ஓர் ஊரும் இல்லை, காரியமும் இல்லை.

பஸ்ஸில் வந்து போகிறவர்களை, அவர்கள் விட்டுப்போனதை வைத்துத்தான் அவளுக்குத் தெரியும். மூணாம் நம்பர் வண்டியின் பின் சீட்டுகளுக்கு அடியில் எப்போதும் பஞ்சுத்துகள் உருண்டு கிடக்கும். அது மில்லுக்குப் போகிற பொம்பளைப் பிள்ளைகள் வண்டி. ஹேர்பின், காய்ந்த கனகாம்பரம், ஒருதடவை பாதி எழுதி விட்டுப்போன லீவு லெட்டர். முகம் ஒன்றுகூடத் தெரியாது.

அந்த வண்டியில்தான் ஐப்பசியில் ஒருநாள் தண்ணீர் தப்பான வழியில் போயிற்று. உள்ளே அடித்த தண்ணீர் பின்படி வழியாக வெளியே ஓட வேண்டும். ஓடவில்லை. படிக்கு ஓரடி முன்னாலேயே தரைக்குள் இறங்கிக் காணாமல் போனது. குனிந்து விரலால் அழுத்தினாள். பலகை, ஊறிய ரொட்டி மாதிரி உள்ளே போனது.

மேனேஜர் சங்கரலிங்கத்திடம் அன்றைக்கே சொன்னாள்.

"பதினாறு வருஷ வண்டி. இன்னும் ரெண்டு மாசத்துல நாலும் ஸ்கிராப்புக்குப் போகுது. அதுக்குப் போயி புதுப் பலகை போடச் சொல்லுதியா?" என்றார்.

பத்து நாள் கழித்து மறுபடி சொன்னாள். மூன்றாம் தடவை சொன்னபோது எரிச்சலோடு ஒரு தகரத் துண்டையும் சுத்தியலையும் எடுத்துவந்து, ஓட்டையின் மேல் வைத்து அவரே அடித்தார். சுடலையம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ஆணியாக எடுத்துக் கொடுத்தாள். மேலே ரப்பர் பாயை இழுத்து மூடியதும் பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை.

மார்கழி இரண்டாம் செவ்வாய்க்கிழமை, மில்லின் முதல் ஷிப்டுக்குப் போகிற கூட்டத்தோடு அந்த வண்டி ரோடு பிரிகிற செட்டியார்பட்டி விலக்கைத் தாண்டி ஒரு குழியில் இறங்கி ஏறியது. தகரமும் பலகையும் சேர்ந்து பிளந்தன. பின்படிக்குப் பக்கத்தில் நின்றிருந்த கல்பனா என்கிற பெண்ணின் வலது கால் முழங்கால் வரை கீழே போய்விட்டது. டிரைவர் பால்ச்சாமி அலறல் கேட்டதும் வண்டியை நிறுத்தியதால் உயிர் தப்பியது. கணுக்காலுக்கு மேலே எலும்பு இரண்டாக முறிந்தது.

பால்ச்சாமிமேல் போலீஸ் கேஸ் எழுதியது. அளவுக்கு மீறி ஆளை ஏற்றினார், வேகமாக ஓட்டினார் என்று கம்பெனியிலிருந்தே எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

மத்தியானம் வண்டி ஷெட்டுக்கு வந்தது. "கழுவிரு. சீக்கிரம்," என்றார் சங்கரலிங்கம்.

சுடலையம்மாள் கழுவினாள். வேறென்ன செய்வது என்று அவளுக்குத் தோன்றவில்லை. ரப்பர் பாயின் வரிகளுக்குள் உறைந்திருந்ததைப் பிரஷால் தேய்த்துத் தேய்த்து எடுத்தாள். சிவப்புத் தண்ணீர் அந்தப் பிளவு வழியாகவே கீழே இறங்கியது. அடியில், சேஸிஸ் கம்பிக்கு இடையில், ஒரு செருப்பு மாட்டியிருந்தது. பச்சை வார் போட்ட சின்னச் செருப்பு. எடுத்துக் கழுவி ரூமில் வைத்தாள். அன்று அவளால் சோற்றில் கை வைக்க முடியவில்லை.

மறுநாள் காலை செருப்பை ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். பெண்கள் வார்டின் கடைசிக் கட்டிலில் கல்பனா மாவுக்கட்டோடு கிடந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். கூட வேலை செய்கிற பிரிஸ்கில்லா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க யாரும்மா?"

"பஸ்ஸு கழுவுறவ." செருப்பை எடுத்துக் கட்டிலுக்குக் கீழே வைத்தாள்.

கல்பனா தலையைத் தூக்கி அதைப் பார்த்தாள். பிறகு, "டிரைவரண்ணன் மெதுவாத்தான் வந்தாரு. அவரு மேல கேஸு போட்டுருக்காகளாம். நான் சொன்னா யாரு கேக்கா?" என்றாள்.

சுடலையம்மாள் வந்த வழியே எழுந்து போயிருக்கலாம். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பலகை இத்துப்போனது எனக்கு முன்னமே தெரியும், தாயி. சொல்லியும் பாத்தேன். தகரத்தை வச்சு அடிச்சாக. ஆணி எடுத்துக் குடுத்தது நான்தான்."

கல்பனா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பிரிஸ்கில்லாதான் கேட்டாள்: "இதை வெளிய சொல்லுவீங்களா?"

சுடலையம்மாள் மஞ்சப்பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் சங்கரலிங்கம் ரூம் வாசலில் வந்து நின்றார். இதுவரை அவர் அங்கே வந்ததில்லை. "சனிக்கிழமை கிரேன் வருது. நாலு வண்டியும் போகுது. டவுன் ரூட்டையே மொதலாளி விட்டுட்டாக. டிரைவர், கண்டக்டர் எட்டுப் பேரும் அன்னையோட வேலைய விட்டு நிக்கணும். உனக்கு மட்டும் மதுரை ரோட்டுப் புது ஷெட்டுல வேல உண்டு. ரூமும் உண்டு. வாயை மட்டும் வச்சுக்கிட்டுச் சும்மா இரு."

சனிக்கிழமை அவள் வழக்கம் போல நாலு மணிக்கு மோட்டாரைப் போட்டாள். பஸ்கள் வெளியே போகப்போவதில்லை என்பது தொட்டி நிரம்பி வழிந்து காலை நனைத்தபோதுதான் உறைத்தது. மோட்டாரை நிறுத்தினாள். ஷெட்டில் அப்படியொரு அமைதியை அவள் கேட்டதில்லை. பதினோரு வருஷத்தில் தன்னிடம் யாராவது சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறார்களா என யோசித்துப் பார்த்தாள். ஞாபகத்துக்கு வரவில்லை.

ஆறு மணிக்கு டிரைவர்களும் கண்டக்டர்களும் கேட்டுக்கு முன்னால் கூடிவிட்டார்கள். ஜாமீனில் வந்திருந்த பால்ச்சாமியும் காக்கிச்சட்டையோடு நின்றார். கிரேன் வந்தது. பின்னாலேயே முதலாளி நவநீதகிருஷ்ணனின் காரும் வந்தது. சங்கரலிங்கம் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

"வண்டிக்கு வயசாயிருச்சு," என்றார் முதலாளி, காரை விட்டு இறங்கி. குரலில் கோபம் இல்லை. "ஒரு பொண்ணு கால் ஒடிஞ்சிருக்கு. இன்னமும் இதை ஓட்டச் சொல்லுதீங்களா?"

"ஓட்ட வேண்டாம் மொதலாளி," என்றார் பால்ச்சாமி. "பழசை மாத்துங்கன்னு மூணு வருசமா நாங்கதான் கேக்கோம். இதை நிப்பாட்டிட்டுப் புது வண்டி விடுங்க. எங்களை எதுக்கு நிப்பாட்டுதீங்க? ரூட்டை எதுக்கு நிப்பாட்டுதீங்க?"

"டவுன் ரூட்டுல என்னய்யா இருக்கு? புது வண்டி மதுரை லைனுக்குப் போகுது. அதுக்கு ஏஜென்ட் ஆள் குடுப்பான். உன் மேல கேஸு இருக்கு, ஞாபகம் வச்சுக்க. ஒதுங்கு. கிரேன் உள்ள வரட்டும்."

கண்டக்டர் விக்னேஸ்வரன் முன்னால் வந்தான். "மூணாம் நம்பர் வண்டியை மட்டும் விட்டுட்டுப் போங்க. அதை ஆர்.டி.ஓ. ஆபீசர் பாக்கணும்."

"போலீஸ் பாத்தாச்சு. தரையில ஒரு கோளாறும் இல்லாத வண்டி. கூட்டத்தை அமுக்கி ஏத்துனதுல ஒடஞ்சுபோச்சு."

டிரைவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தரையைக் குனிந்து பார்க்கிறவர்கள் இல்லை அவர்கள். கிரேன் டிரைவர் கியரைப் போட்டான்.

சுடலையம்மாள் தொட்டியோரத்திலிருந்து நடந்து வந்தாள். மூணாம் நம்பர் வண்டியின் பின்படியில் ஏறி உட்கார்ந்தாள். அந்த வண்டியில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"பலகை இத்துப்போச்சுன்னு நான் மூணு தடவ சொன்னேன், மொதலாளி."

"யாருகிட்ட சொன்ன? எழுதிக் குடுத்தியா?"

"எனக்கு எழுதத் தெரியாது. வாயால சொன்னேன். இந்தா நிக்காகளே அண்ணாச்சி, அவிய தகரம் அடிச்சாக. நான் ஆணி எடுத்துக் குடுத்தேன். அந்தத் தகரம் இன்னும் இதுக்குள்ளதான் கெடக்கு. பாயைத் தூக்கிப் பாருங்க."

சங்கரலிங்கம் கீழே பார்த்தார். முதலாளி அவரைப் பார்க்கவில்லை.

"ரூமை இன்னைக்கே காலி பண்ணிரு," என்றார் அவளிடம்.

"சரி மொதலாளி. பண்ணிருதேன். ஆனா வண்டி போகக்கூடாது."

விக்னேஸ்வரன் போய் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். பால்ச்சாமி முன்சக்கரத்துக்கு முன்னால் தரையில் அமர்ந்தார். பிறகு ஒவ்வொருவராக. கிரேன் டிரைவர் வெளியூர்க்காரன். செத்த நேரம் பார்த்துவிட்டு இன்ஜினை அணைத்தான்.

"போலீஸைக் கூப்பிடுதேன்," என்றார் முதலாளி.

"கூப்பிடுங்க. நாங்களும் அவியளைத்தான் கூப்பிடணும்னு இருந்தோம்," என்றார் பால்ச்சாமி.

விக்னேஸ்வரன் மனு எழுதினான். சுடலையம்மாள் சொல்லச் சொல்ல எழுதி, வாசித்துக் காட்டி, அவள் ரேகையை வாங்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு பைக்கில் போனான். பத்து மணிக்கு போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் தகரத்தைக் கையால் தொட்டுப் பார்த்தார். "வண்டி இங்கயே நிக்கட்டும், திங்கக்கிழமை வரைக்கும்" என்று மட்டும் முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனார். பதினொரு மணிக்கு விக்னேஸ்வரன் போன் பண்ணினான். லீவு நாளானாலும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் டியூட்டியில் இருந்தவர்கள் மனுவை வாங்கிக்கொண்டார்களாம். திங்கட்கிழமை பார்வையிட ஆள் வருவார்களா என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

கேஸ் அப்படியே இருந்தது. வேலை போனது போனதுதான். ஆனால் தகரத்தை யாரும் பிடுங்கிவிடாமல் இரண்டு நாள் அந்த வண்டியைக் காக்க வேண்டும்.

மூன்று மணிக்கு மேல் ரோட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது. முதல் ஷிப்டு முடிந்து, ஏறிப்போக பஸ் இல்லாமல் மில்லிலிருந்து நடந்தே வந்த பெண்கள். முப்பது பேர் இருக்கும். முன்னால் பிரிஸ்கில்லா வந்தாள்.

"எங்களுக்கும் ரூட்டு வேணும்," என்றாள் பால்ச்சாமியிடம். "கல்பனா சொல்லி விட்டா. நாங்களும் இருக்கோம்."

ரூமிலிருந்த தகரப்பெட்டியையும் பாயையும் சுடலையம்மாள் அதற்குள் வெளியே கொண்டுவந்து சுவரோரம் வைத்திருந்தாள். எங்கே போவது என்று இன்னும் யோசிக்கவில்லை. பிரிஸ்கில்லா அந்தப் பெட்டியையும் அவளையும் பார்த்தாள். பெட்டியின் ஒரு பக்கத்துக் கைப்பிடியைத் தூக்கினாள்.

"எங்க வீடு சின்னதுதான். திங்கக்கிழமைக்குப் பொறவு பேசிக்கிடுவோம். இப்போ யாரு யாரு எப்போ காவலுன்னு பிரிச்சிருவோம். மில்லுல மாதிரிதான். டே ஷிப்டு, அரைநைட்டு, முழுநைட்டு."

பெண்கள் அவரவர் பேரைச் சொல்ல ஆரம்பித்தார்கள். பால்ச்சாமி தன் பேரையும் சொன்னார். பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற சுடலையம்மாள் எல்லாரும் சொல்லி முடியும்வரை காத்திருந்தாள்.

"நான் எந்த ஷிப்டு?" என்று கேட்டாள்.