வாசல் போனில் அப்பா நம்பர்

கதவு ஓர் ஊரில் இருந்தது. அதைத் திறக்கிற கை இன்னோர் ஊரில் இருந்தது. நடுவே ஒரு ராத்திரி பஸ் பயணம். இப்படி ஒரு கூத்து நடக்கும் என்று அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் குடியிருப்போர் சங்கம் கனவிலும் நினைத்திருக்காது. பழைய அழைப்பு மணி ரிப்பேருக்கு மேல் ரிப்பேராகி எல்லோர் உயிரையும் வாங்கியதால், இணையத்தில் இயங்கும் வாசல் போன் ஒன்றை வாங்கிக் கீழ்க் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் பதித்தார்கள். வருகிறவர் வீட்டு எண்ணை அழுத்தினால் வீட்டுக்காரரின் கைப்பேசி அடிக்கும். திரையில் வந்தவர் முகம் தெரியும். பேசிப் பார்த்துவிட்டுத் திரையில் இருக்கும் சாவிப் படத்தைத் தொட்டால் கீழே கதவு திறந்துகொள்ளும். வீட்டுக்காரர் மாடியில் இருக்கிறாரா, மலை உச்சியில் இருக்கிறாரா என்பதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

வீட்டுக்கு ஒரு நம்பர் கொடுங்கள் என்று சங்கத்துச் செயலாளர் கேட்டபோது, நான்காவது மாடிக்காரன் தன் நம்பரைக் கொடுத்தான். "என் நம்பரைக் குடுங்க, நான்தான சீக்கிரம் வீட்டுக்கு வர்றவ" என்று மனைவி வாயைத் திறப்பதற்குள் கொடுத்து முடித்திருந்தான். அவன் சுபாவம் அப்படி. கெட்டவன் இல்லை. எதையும் நன்றாக யோசித்துத்தான் செய்வான். யோசிக்கிற இடத்தில் இன்னொருவருக்கு நாற்காலி போடமாட்டான், அவ்வளவுதான்.

பழங்களைக் குளிரில் வைத்துக் காக்கும் கிடங்கொன்றில் அவன் மேற்பார்வையாளன். கம்பெனி வேறோர் ஊரில் புதிய கிடங்கு திறந்தது. அங்கே மேலாளராகப் போகிறாயா என்று கேட்டார்கள். அவன் அங்கேயே தலையாட்டி, கையெழுத்தும் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, "முடிவு பண்ணியாச்சு, அடுத்த மாசம் எல்லாரும் கிளம்பறோம்" என்றான். மனைவி பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறவள். ஊரார் பல்லையெல்லாம் பொறுமையாக இழைத்துக் கொடுக்கிறவள் அன்றைக்குத் தன் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா நீ வேணாம்னுதான சொல்லுவ?"

"அதுக்குத்தான் கேக்கணும்."

பேச்சு முற்றியது. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் அவன் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு, கீழ்க் கதவைத் திறக்கிற டேக்கைச் சாப்பாட்டு மேஜையில் விட்டெறிந்துவிட்டுத் தனியாகக் கிளம்பிப் போனான். போகிற கோபத்தில் வாசல் போன் யார் நினைவில் இருக்கும்? அது அவன் நம்பரோடு அப்படியே இருந்துவிட்டது.

புதிய ஊரில் முதல் நாள், ஆப்பிள் பெட்டிகளுக்கு நடுவே தடித்த கோட்டும் கையுறையும் போட்டு அவன் நின்றுகொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. திரையில் ஒரு பெரிய மூக்கு. அந்தக் கேமராவில் யார் முகம் தெரிந்தாலும் மூக்குதான் முதலில் வரும்.

"தண்ணி கேன் சார், கதவைத் திறங்க."

கையுறையோடு தொட்டால் திரை மசியாது. அவன் கையுறையைப் பல்லால் கடித்து இழுத்து, விறைத்த விரலால் சாவிப் படத்தைத் தொட்டான். எங்கோ ஓர் ஊரில் கதவு திறந்தது. தண்ணீர்க் கேன் அவன் வீட்டுக்குப் போனது. அவன் போகவில்லை.

அதன் பிறகு இது தினப்படி வேலையாகிப் போனது. கூரியர் வந்தால் அவன் திறந்தான், குழாய் ரிப்பேர்க்காரர் வந்தால் அவன் திறந்தான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் மணிச்சத்தம் கேட்கும்போதெல்லாம் வண்டியை நிறுத்திவிட்டு, "சாருக்கு வாட்ச்மேன் டூட்டி வந்துடுச்சுப்பா" என்பார். அவன் சிரித்து மழுப்புவான். மனைவி எப்போது வேண்டுமானாலும் செயலாளரிடம் சொல்லி நம்பரை மாற்றிவிடலாம். ஏன் மாற்றவில்லை என்று அவனுக்குத் தெரியவில்லை. மறந்திருப்பாள் என்று நினைத்தான். நினைவு வந்துவிடக் கூடாதே என்றும் நினைத்தான். அவளிடமிருந்து போன் இல்லை, இவனும் செய்யவில்லை. அந்த வீட்டோடு அவனுக்கு மிச்சமிருந்த ஒரே ஒட்டு அந்தச் சாவிப் படம்தான்.

சாயங்காலங்களில் மகள் வருவாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர், பொருத்தமான பெயர். அவள் கழுத்திலேயே டேக் தொங்கும். இருந்தும் பள்ளி விட்டு வந்ததும் எம்பி எம்பி வீட்டு எண்ணை அழுத்துவாள்.

"யாருங்க நீங்க? அடையாளம் சொல்லுங்க" என்பான் அவன்.

"நான் இந்த வீட்டு ஓனரு. சீக்கிரம் திறப்பா, பாத்ரூம் வருது."

"ஓனர்னா டேக் இருக்குமே."

"தொலைஞ்சு போச்சு" என்பாள், டேக்கைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டே. அவன் கொஞ்ச நேரம் வேண்டுமென்றே தாமதிப்பான். அவள் நாக்கைத் துருத்தியதும் திறப்பான். அந்தச் சில நொடிகளுக்காகவே அவன் காலையிலிருந்து காத்திருந்தான் என்பதுதான் உண்மை.

ஒரு நாள் வாலு அழுத்தியபோது பின்னால் மனைவி நின்றாள், இரண்டு கையிலும் பைகள். அவன் விழுந்தடித்துக் கையுறையை உருவி, திரையைத் தொடப் போனான். அதற்குள் அவள் பைகளைத் தரையில் வைத்து, மூன்றாவதாக ஒரு பையைத் தோளிலிருந்து இறக்கி, அதைக் குடைந்து டேக்கை எடுத்துக் கதவில் வைத்துத் தானே திறந்துகொண்டு போனாள். கேமராவை ஏறிட்டும் பார்க்கவில்லை. பிடிவாதத்தில் இரண்டு பேரும் ஒரே தராசில் நிற்கிறவர்கள். அன்று முழுக்க அவனுக்கு வேலையில் மனம் ஓடவில்லை.

அப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மணி அடித்தது. திரையில் தெரியாத மூக்கு. பின்னால் கைக்குழந்தையோடு ஓர் இளம் தம்பதி.

"புரோக்கர் பேசறேன் சார். நாலாவது மாடி வீடு காலியாகுதுல்ல, பார்ட்டியக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலியாகிறதா? யார் சொன்னது? எங்கே போகிறார்கள்? குளிர்க் கிடங்கில் நின்றவனுக்கு வியர்த்தது.

"இங்க எந்த வீடும் காலியாகல. தப்பான இடத்துக்கு வந்துட்டீங்க" என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தான். புரோக்கர் மறுபடி அழுத்தினார். அவன் மறுபடி துண்டித்தான்.

கொஞ்ச நேரத்தில் மனைவியின் பெயர் திரையில் வந்தது. பிரிந்து போன பிறகு முதல் தடவை. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"யாரைக் கேட்டு அவங்களத் திருப்பி அனுப்புனீங்க?"

"நீ யாரைக் கேட்டு வீட்டக் காலி பண்ற?"

"உங்ககிட்டதான் கத்துக்கிட்டேன்."

அவன் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"எங்க லேப ஊருக்கு அந்தக் கோடிக்கு மாத்திட்டாங்க" என்றாள் அவள். "தினமும் ரெண்டு பஸ் மாறிப் போறேன். நான் வர்ற வரைக்கும் வாலு தனியா உக்காந்திருக்கா. நீங்க கதவைத் திறந்து விடறீங்க, அப்புறம் அவ யாரும் இல்லாத வீட்டுக்குள்ளதான் போறா. அது உங்க ஸ்க்ரீன்ல தெரியாது. இன்னிக்கு அரை நாள் லீவு போட்டு, வீட்ட ஒழுங்கு பண்ணி வெச்சிட்டுக் காத்திருக்கேன். நீங்க எங்கேயோ உக்காந்துக்கிட்டு முடிவு பண்றீங்க."

"எனக்கு யாரும் சொல்லலயே" என்றான் அவன்.

"கேட்டீங்களா?"

"இன்னிக்கே செயலாளரப் பாத்து உங்க நம்பர எடுக்கச் சொல்லப் போறேன்" என்று சொல்லிவிட்டு அவள் வைத்தாள்.

அவன் ஆப்பிள் பெட்டி ஒன்றின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். வாலு நாக்கைத் துருத்துவதைத்தான் இத்தனை நாளும் பார்த்தான். கதவு சாத்திக்கொண்ட பிறகு அவள் என்ன செய்வாள் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் வண்டியை நிறுத்தினார். இந்தத் தடவை வாட்ச்மேன் என்று சொல்லவில்லை. "ஊருக்குப் போயிட்டு வாங்க சார், இங்க ஆப்பிள் ஒண்ணும் அழுகிடாது" என்றார். ராத்திரி பஸ்ஸைப் பிடித்தான். வழி நெடுக, போய் என்ன பேச வேண்டும் என்று மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தான். எல்லாப் பேச்சும் "முடிவு பண்ணிட்டேன்" என்றே ஆரம்பித்தது.

சனிக்கிழமைக் காலை, கசங்கிய சட்டையோடு கட்டட வாசலில் வந்து நின்றான். உள்ளேயிருந்து முதல் மாடி அம்மாள் நடைப்பயிற்சிக்கு வெளியே வந்தார். அவனைப் பார்த்து முகம் மலர்ந்து, கதவைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க தம்பி, ரொம்ப நாளாச்சே. உள்ள வாங்க."

"இல்லீங்க, நீங்க போங்க. நான் மணி அடிச்சிட்டு வர்றேன்."

சொந்த வீட்டுக்கு மணி அடிக்கிறவனை அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு நடந்தார். கதவு சாத்திக்கொண்டது. அவன் வீட்டு எண்ணை அழுத்தினான். இனி மாடியில் அவள் கைப்பேசிதான் அடிக்கும். எடுப்பாளோ மாட்டாளோ.

அவன் சட்டைப் பையே அடித்தது.

எடுத்துப் பார்த்தான். திரையில் அவன் மூக்கு. அதற்கு மேல் தூக்கமில்லாத கண்கள், பரட்டைத் தலை. கீழே சாவிப் படம். ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. அவள் நீக்கச் சொல்லவில்லை, அவன் நம்பர் அப்படியே இருக்கிறது. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. பழகிப்போன கட்டை விரல் தானாகவே சாவிப் படத்துக்குப் போனது. தொட்டால் போதும். லிஃப்டில் ஏறி, ஜம்மென்று வீட்டு வாசலில் போய் நிற்கலாம்.

விரல் அங்கேயே நின்றது. நம்பரை எடுக்காமல் விட்டிருக்கிறாள் என்பதற்காக, வா என்று சொல்லிவிட்டாள் என்று எடுத்துக்கொள்வதா? அதையும் அவனேதான் முடிவு செய்ய வேண்டுமா? அவன் கைப்பேசியை மறுபடி சட்டைப் பையில் போட்டான். அது அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, பிறகு ஓய்ந்தது. சரி, யாராவது வரும்வரை நிற்கலாம் என்று அவன் பையைக் கீழே வைத்தான். சுவரில் இருந்த கருவி மட்டும் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. இன்னும் யாரையோ கூப்பிடுகிறது. சட்டென்று ஒலி நின்றது. யாரோ எடுத்திருக்கிறார்கள். மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது.

"உங்களுக்கு போன் வரலையா?" மனைவியின் குரல்.

"வந்துச்சு."

"திறந்துக்கிட்டு வர வேண்டியதுதான."

"உன்னைக் கேக்காம எப்படி வர்றது" என்றான் அவன்.

கருவியின் விளக்கு அணைந்துவிட்டது. கதவு திறக்கவில்லை. அவ்வளவுதான், கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது என்று அவன் நினைத்தான். ஆனாலும் கால் நகரவில்லை. நின்றான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் படிக்கட்டில் செருப்புச் சத்தம் தடதடவென்று இறங்கி வந்தது. முதலில் வாலு. அவளுக்குப் பின்னால், லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் நான்கு மாடியும் இறங்கி வந்த மூச்சிரைப்போடு மனைவி. அவள் கைப்பிடியைத் திருகி, உள்ளேயிருந்து கையாலேயே கதவைத் திறந்தாள். வாலு அவன் மேல் பாய்ந்து தொற்றிக்கொண்டாள்.

மனைவி கதவைப் பிடித்தபடி நின்றாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"நம்பர எடுக்கலையா?" என்று கேட்டான்.

"எடுக்கத்தான் போனேன். செயலாளர் கம்ப்யூட்டரத் திறந்து வெச்சுக்கிட்டு, 'இப்பல்லாம் ரெண்டு நம்பர் போடலாம்மா, முதல் ஆள் எடுக்கலன்னா ரெண்டாவது ஆளுக்குப் போகும். அவர் நம்பர எடுத்துடவா, உங்களதச் சேத்துக்கவா'ன்னு கேட்டாரு." அவள் தரையைப் பார்த்தாள். "அந்த மனுஷன் கேட்டாரு. கேட்டதும் எடுங்கன்னு வாயில வரல. சேத்துக்கங்கன்னு சொல்லிட்டேன்."

அவன் ராத்திரி முழுக்க ஓட்டிப் பார்த்ததில் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, "நான் இங்கயே திரும்பி வந்துடறதுன்னு முடிவு..." என்று ஆரம்பித்தான்.

அவள் புருவம் உயர்ந்தது.

"முடிவு இல்ல" என்றான் அவசரமாக. "பழைய கிடங்குக்கே திரும்ப மாத்தித் தரச் சொல்லிக் கேக்கலாமான்னு... உன்கிட்ட கேக்க வந்தேன்."

அவள் அவன் தோளிலிருந்து சரிந்துகொண்டிருந்த வாலுவை ஏற்றிவிட்டாள். கீழே கிடந்த அவன் பையைத் தூக்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"லேப் பக்கத்துல ஒரு சின்ன வீடு சொல்லியிருக்காங்க. இன்னிக்குத்தான் பாக்கப் போறோம், நானும் வாலுவும்" என்றாள். கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தாள். "ரெண்டே ரூம்தான். மூணு பேருக்குப் பத்துமான்னு நீங்களும் வந்து பாருங்க."