உருவத்தில் மாற்றம் கூடாது

செண்பகனூர் ஆக்ஸிலியாவின் மகள் ஜென்சி தாய் வயிற்றுக்குள் மூன்றே முக்கால் வருடம் இருந்தாள். முதல் மூன்று மாதம் எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான் வளர்ந்தாள். கடைசி ஆறு மாதமும் ஏறக்குறைய அப்படித்தான். நடுவில் கிடந்த மூன்று வருடம் மட்டும் ஒரு நூல்கூடக் கூடவில்லை, குறையவுமில்லை. அந்த மூன்று வருடத்தில் கேரட் விலை நான்கு தடவை விழுந்தது, பூண்டு விலை ஒரே ஒரு தடவை ஏறியது, கொரோனா வந்து மலைக்கு ஏறும் வழியையெல்லாம் அடைத்துவிட்டுப் போனது. பிள்ளை அப்படியே இருந்தது.

அதற்கு முன்னால் ஆக்ஸிலியா ஏரிப் பக்கம் ஒரு சாக்லேட் கடையில் எடைபோட்டுக் கொடுக்கும் வேலையில் இருந்தாள். கடைக்கு மேல்மாடியில் விளம்பரக் கம்பெனி நடத்திய குமரகுரு, தினமும் படியேறும்போது அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒருநாள் இறங்கி வந்து கேட்டார். கம்ப்யூட்டரிலேயே ஒரு பெண்ணைச் செய்யப் போகிறோம். இன்ஸ்டாகிராமில் அவள் ஊர் சுற்றுவாள். சோப்பு, ஸ்வெட்டர், ரிசார்ட் என்று கொடுத்ததையெல்லாம் புகழ்வாள். சம்பளம் கேட்க மாட்டாள், கோபித்துக்கொள்ள மாட்டாள், வயசாகாது. அதற்கு அசலாக ஒரு ஆள் வேண்டும், அரை நாள் வேலை என்றார். ஆக்ஸிலியாவுக்கு வாஷிங் மெஷின் மேல் ஆசை. கொடைக்கானலில் துணி காயவைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பேராசை இல்லை. முப்பத்திரண்டு கேமராக்கள் வட்டமாக நின்ற அறையில் அவளை நிறுத்தித் தலைமுதல் கால்வரை அளவெடுத்தார்கள். பேரிலும் வாலை நறுக்கி எடுத்து, செய்யப்போகிறவளுக்கு லியா என்று வைத்துக்கொண்டார்கள். ஒப்பந்தத்தில் ஆறாவது வரி இப்படி இருந்தது: ‘பத்து ஆண்டுகளுக்கு உருவத்தில் எவ்வித மாற்றமும் கூடாது.’ வக்கீல் எழுதியது படத்தை நினைத்து. ஆனால் தமிழில் உருவம் என்றால் படமும்தான், உடம்பும்தான். ஆக்ஸிலியா கையெழுத்துப் போட்டாள், அவள் உடம்பு அது தனக்கிட்ட கட்டளை என்று எடுத்துக்கொண்டது.

அன்றைக்கு அவளுக்குப் பன்னிரண்டு வாரம். ஜீப் ஓட்டும் தன் புருஷன் டேனியிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. இதற்கு முன் இரண்டு பிள்ளைகள் தங்காமல் போயிருந்தன. மூன்று மாதம் தாண்டட்டும், பிறகு சொல்வோம் என்று வாயைக் கட்டிக்கொண்டு, ‘ஆண்டவரே, இதாவது தங்கணும்’ என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலில் முட்டிபோட்டாள். தங்கியது. தங்கியது என்றால் அப்படி ஒரு தங்கல்! மசக்கை மட்டும் மூன்று வருடமும் விடவில்லை. பக்கத்து வீட்டில் கடுகு தாளித்தால் இவள் வாளியைத் தேடி ஓடுவாள். முடி வெட்டினாலும் நகம் வெட்டினாலும் மறுநாள் விடிவதற்குள் பழைய அளவுக்கு வந்து நின்றது. வயிறு மட்டும் அசையவில்லை. கிராம நர்ஸ் ரோகிணி மாதாமாதம் வந்து கருவியை வைத்துக் கேட்பாள். உள்ளே துடிப்பு குதிரை ஓடுவதுபோலக் கேட்கும். வத்தலக்குண்டிலும் திண்டுக்கல்லிலும் ஸ்கேன் எடுத்தார்கள். எங்கே எடுத்தாலும் பன்னிரண்டு வாரம், எங்கே எடுத்தாலும் முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு மூட்டம். ஒன்பது மாதத்துக்கு மேல் ஒரு கர்ப்பத்தை எழுதப் பதிவேட்டில் இடமில்லாததால், ரோகிணி ஒவ்வொரு வருடமும் அதே பிள்ளையைப் புதுப் பிள்ளையாகப் பதிந்தாள். பிறப்பதற்கு முன்பே ஜென்சிக்கு நான்கு பதிவு எண்கள் இருந்தன.

லியாவோ சக்கைப்போடு போட்டாள். ஊரே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த மாதங்களில்கூட அவள் ஒருத்திதான் ஏரியில் படகு விட்டாள், கூக்கால் கிராமத்து ஏரிக்கரையில் நின்று தேநீர் குடித்தாள். ஏழு லட்சம் பேர் பின்தொடர்ந்தார்கள். ஊர் திறந்ததும் டேனியின் ஜீப்பில் ஏறுகிறவர்கள் லியா நின்ற இடத்தைக் காட்டச் சொன்னார்கள். ஆக்ஸிலியா மார்க்கெட்டுக்குப் போனால் செல்ஃபி கேட்டுச் சூழ்ந்துகொண்டார்கள். அசல் ஆள் முட்டைக்கோஸ் பையோடு அலைந்தால் லியாவின் மதிப்பு கெடும் என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அதற்கப்புறம் அவள் சாக்லேட் கடைக்குப் போவதையும் விட்டாள், கோயிலுக்கு முக்காடு போட்டுக்கொண்டு போனாள். வயிற்றுக்குள் பிள்ளை அடைபட்டுக் கிடந்தது, வீட்டுக்குள் தாய் அடைபட்டுக் கிடந்தாள். யாரிடம் போய் முறையிடுவது?

மூன்றாவது வருடம் முடிகிற சமயம் ஒரு நகைக்கடை விளம்பரத்துக்காக லியாவுக்கு மூக்குத்தி போட்டார்கள். அன்று காலை முகம் கழுவும்போது ஆக்ஸிலியாவின் மூக்கில் ஓட்டை இருந்தது. வலியுமில்லை, ரத்தமுமில்லை. விளம்பரம் முடிந்ததும் ஓட்டை தூர்ந்துபோனது. அவளுக்குப் புரிந்துவிட்டது. முக்காட்டைப் போட்டுக்கொண்டு நேரே கம்பெனிக்குப் போனாள்.

“லியாவுக்கு வயிறு வளர்ற மாதிரி படம் போடுங்க சார். உங்களுக்குக் கோடிப் புண்ணியம். எம்புள்ள மூணு வருசமா ஒரே எடத்துல கெடக்கு” என்றாள்.

குமரகுரு கெட்டவரில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்தார், காபி சொன்னார். “லியாவுக்குக் கல்யாணமே ஆகலியேம்மா. வயிறு போட்டா அத்தனை கம்பெனியும் ஓடிப்போயிரும். நீங்க வேற, அது வேற. போட்டுக் கொழப்பிக்காதீங்க.”

“நான் வேற, அது வேறன்னா எம்மூக்குல எதுக்கு சார் ஓட்டை விழுந்துச்சு?”

காபி வந்தது. வாசமே குமட்டியதால் அவள் எழுந்து வந்துவிட்டாள்.

படியில் பின்னாலேயே ஒருவன் ஓடிவந்தான். ஆயக்குடி சந்தோஷ்குமார். மூன்று வருடமாக லியாவின் கன்னத்தையும் புருவத்தையும் வரைந்துகொண்டிருக்கிறவன், அசலை அன்றுதான் பார்க்கிறான். “அக்கா, மொத்தமாப் போட்டாத்தான் தெரியும். ஒரு நாளைக்கு ஒரு மயிரிழை கூட்டுறேன். ஒரு பய கண்டுபிடிக்க மாட்டான்” என்றான். மறுநாள் பக்கத்து வீட்டில் கடுகு வெடித்தபோது ஆக்ஸிலியா வாளியைத் தேடவில்லை. அடுப்படியில் நின்றபடியே அழுதாள், டேனி பயந்துபோய் ஓடிவந்தான்.

அவன் வரையாத நாள் பிள்ளை வளராத நாள். அதனால் சந்தோஷ்குமார் ஞாயிறும் வேலைக்கு வந்தான். தைப்பூசத்துக்கு அவன் ஊரே பழனிக்கு நடந்தபோது இவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். ஒருமுறை காய்ச்சலில் இரண்டு நாள் படுத்துவிட்டு, எழுந்ததும் முதல் வேலையாகப் போன்போட்டு மன்னிப்புக் கேட்டான். ஐந்தாம் மாதத்தில் பிள்ளை முதல்முறையாக உதைத்தது. மூன்று வருடத்துக் கோபத்தையும் சேர்த்து உதைத்தது என்று டேனி ஜீப் ஸ்டாண்ட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஏழாம் மாதம் வளையல் அடுக்கினார்கள். படத்தில் லியாவுக்குச் சால்வை அகலமானது, ஸ்வெட்டர் தொளதொளவென்று ஆனது. மலையில் யார் எவ்வளவு போர்த்தினாலும் கேள்வி வராது.

ஆபத்து சீசனில் வந்தது. ஒரு ரிசார்ட்காரர் லியாவை நீச்சல்குளத்தில் பார்க்க ஆசைப்பட்டார். சந்தோஷ்குமார் அவளைக் கழுத்துவரை தண்ணீரில் நிறுத்தியே பல வாரம் ஓட்டினான். ஒரு சனிக்கிழமை குமரகுரு பொறுமை இழந்து, தண்ணீரை எடுக்கச் சொல்லிவிட்டார். எடுத்ததும் திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனார்.

“ஏலே, என்னடா இது வயிறு?”

“லைட்டிங் சார்.”

“லைட்டிங்காடா இது? திங்கக்கிழமை பத்து மணிக்குப் பழைய ஃபைலைப் போட்டு எல்லாத்தையும் அழிக்கப்போறேன். இனி லியா சோலியை நானே பாக்குறேன்” என்றார்.

பழைய ஃபைல் என்றால் பன்னிரண்டு வாரம். ஆக்ஸிலியாவுக்கு அப்போது முப்பத்தேழு வாரம். சந்தோஷ்குமார் ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து, மீதி மூன்று வாரத்தையும் ஒரே இருப்பில் வரைந்தான். பூண்டு உரித்துக்கொண்டிருந்த ஆக்ஸிலியாவின் மடியிலிருந்து முறம் தானாகச் சரிந்து விழுந்தது. இடுப்பு வலி பிடித்தது. “வெரசா ஓட்டுங்க” என்று அவள் கத்த, டேனி ஆரனிலிருந்து கையை எடுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனான். திங்கட்கிழமை ஒன்பது நாற்பதுக்கு ஜென்சி பிறந்தாள். மூன்று கிலோ இருநூறு, தலைநிறைய முடி. பத்து மணிக்குக் குமரகுரு பழைய ஃபைலைப் போட்டார்.

வெளியே வந்துவிட்ட பிள்ளையை அந்த ஃபைல் என்ன செய்யும்? தாயைத்தான் பிடித்துக்கொண்டது. வயிறு வரிகூட இல்லாமல் ஒட்டிப்போனது. ஊறிய பால் பத்து மணிக்கு நின்றது. பிள்ளை வாய்வைத்து வாய்வைத்து வீறிட்டது. மூன்றே முக்கால் வருடம் சுமந்தவள், ஒரு வாய் பால் கொடுக்க வக்கில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஜென்சி புட்டிப்பாலில் வளர்ந்தாள். மசக்கை மட்டும் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது, இன்றுவரை கடுகு வாசம் அவளுக்கு ஆகாது.

ஜென்சிக்கு ஆறு மாதமானபோது குமரகுரு ஸ்வீட் பெட்டியோடு வீட்டுக்கே வந்தார். குழந்தை சோப்புக் கம்பெனி ஒன்று கேட்கிறது, லியாவுக்கு ஒரு குட்டித் தங்கை செய்யலாம் என்றார். முடியாது என்றாள் ஆக்ஸிலியா. அவர் வருத்தத்தோடு ஒப்பந்தத்தின் ஒன்பதாவது வரியைக் காட்டினார்: ‘இது ஒப்பந்ததாரரையும் அவர் வாரிசுகளையும் கட்டுப்படுத்தும்.’ டேனி அடிக்கப் போனான். ஆக்ஸிலியா பிள்ளையைச் சேலைக்குள் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாள். “என்னைய வச்சுக்கங்க. இன்னும் எத்தனை வருசம் வேணும்னாலும் வச்சுக்கங்க. இவ வேணாம் சார்.” ஆனால் கையெழுத்து அவளுடையது. வக்கீல் நோட்டீஸ் வந்தது. முப்பத்திரண்டு கேமராவுக்கும் நடுவில் பிள்ளையைக் குளிப்பாட்டும் தொட்டியில் வைத்தார்கள், முப்பத்திரண்டும் ஒரே நேரத்தில் அடித்தன. படத்தில் தொட்டி இருந்தது, தொட்டிக்குள் ஒரு துண்டு மேகம் இருந்தது. கேமராவை மாற்றினார்கள், விளக்கை மாற்றினார்கள், மதுரையிலிருந்து ஆளைக் கூப்பிட்டார்கள். மேகம்தான். மூன்றாம் நாள் குமரகுரு சாமான்களைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த நாலு வருடத்தில் ஆக்ஸிலியா வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அதிலிருந்து ஜென்சி எந்தப் படத்திலும் விழுந்ததில்லை. முதலில் ஆபீஸ்களில் கொஞ்சம் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். பால்வாடி டீச்சர் ஷர்மிளா அடையாள அட்டையில் மேகத்தையே ஒட்டி, கீழே அழகாகப் பேர் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தாள். ஒப்பந்தம் முடிய இன்னும் மூன்று வருடம் கிடக்கிறது. ஆக்ஸிலியா அளவெடுத்த நாளில் இருந்த அதே முகத்தோடு, அதே முடியோடு இருக்கிறாள். வீட்டு நடுக்கூடத்தில் பால்வாடியில் எடுத்த இரண்டு வருடத்துப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். இரண்டிலும் முன்வரிசையில் மூன்றாவதாக ஒரு மேகம் நிற்கும். போன வருடத்துப் படத்தில் அது பக்கத்தில் நிற்கும் சுபஸ்ரீயின் தோள்வரை இருக்கும். இந்த வருடத்துப் படத்தில் காதுவரை வந்துவிட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும் ஆக்ஸிலியா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அதைக் காட்டுவாள்.

“பாத்தீங்களா? வளந்துட்டா.”