மெழுகுவர்த்தி ஏற்றிய ஊழியர்

முதல் ஜெபக்கூட்டத்திலேயே ரமோன் பக்தியோடு ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றினான். சாத்தூர்ப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியிலிருந்து, சேலையில் வெடிமருந்து படிய நேராக வந்து உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பெண்களும், அவன் ஆமென் சொல்வதற்குள் தெருமுனையில் நின்றார்கள். பிலிப்பைன்ஸிலிருந்து சபை சேர்க்க வந்தவன் ஒரே தீக்குச்சியில் சபையைக் கலைத்துவிட்டான்.

ஞாயிறுக்குள் ஒருத்தரையாவது திரும்ப வரவைக்காவிட்டால், சென்னை அலுவலகத்தில் தபால்தலை ஒட்டும் வேலைதான் என்று மூத்த போதகர் சொல்லிவிட்டார். ரமோன் வீடு வீடாகப் போய், ஆறு மாதம் படித்த தமிழில் மன்னிப்புக் கேட்டான். போன வீட்டிலெல்லாம் காபி கொடுத்தார்கள். எல்லோரும் "வாரோம் தம்பி" என்றார்கள். ஞாயிறு காலை அவனும் விரித்த பாய்களும் மட்டும்தான்.

அந்தப் பன்னிரண்டு பேரில் அவன் இன்னும் போகாமல் மிச்சமிருந்தது சண்முகத்தாய் வீடு. அவள் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்களாவது உண்மை சொல்லுங்க. வருவீங்களா?"

"வர மாட்டேன் தம்பி. எனக்கு இருக்கன்குடி மாரியாத்தா போதும். அன்னைக்கும் வெளிநாட்டுப் பிள்ளை எப்பிடி இருக்குன்னு பார்க்கத்தான் வந்தோம். இன்னொரு தடவ எங்க முன்னால குச்சிய உரசுனீகன்னா இந்த வாரியலாலேயே போடுவேன். அம்புட்டுத்தான். உள்ள வாங்க, சோறு ஆறுது."